பல்புக்கு வைத்த பொட்டு

"தூசி படிஞ்சா வெளிச்சம் குறைஞ்சிரும் அத்தே" என்று சொல்லிக்கொண்டே, எரிகிற பல்பை ஈரத்துணியால் துடைக்கப் போனாள் என் மருமகள். நான் எழுந்து சுவிட்ச் பக்கம் போனேன்.

யுத்த காலத்தில் மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பல்பு. கரண்டை மிச்சம் பிடிக்க, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஓட்டை போட்டு அதை மாட்டியிருந்தார் அப்பா. இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும். குத்துவிளக்குக்கு வைப்பதுபோல வெள்ளிதோறும் அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பாள் அம்மா.

"பொட்டு பாதி வெளிச்சத்தைத் தின்னுருது. துடைச்சு வச்சா இந்தப் பல்பே போதும்" என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தம் போட்டுவிட்டு அப்பா வெளியே போனார்.

அம்மா அடுப்படியில் முக்காலி மேல் ஏறினாள், கையில் ஈரத்துணி. கூடத்துச் சுவிட்சில் கை வைத்து, "அணைச்சிரவாம்மா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச நேரத்துல அணைப்பாகளாடி? கைய எடு."

எடுத்துவிட்டேன்.

சுர்ரென்றது. அடுத்த நொடி பல்பு வெடித்தது. இரண்டு அறையும் ஒன்றாக இருண்டன. முக்காலி உருளும் சத்தம் கேட்டது. ஓட்டை வழியாக "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். கருகிய சந்தன வாசனைதான் வந்தது. செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

கடைசியில் குரல் வந்தது. "விளக்கை அணைச்சிட்டேனேடி..." கை கிழிந்து ரத்தம் வழிந்தது அவளுக்குத் தெரியவேயில்லை.

"இந்தக் காலத்துப் பல்பு அம்புட்டுச் சுடாது அத்தே, பயப்படாதீக" என்கிறாள் மருமகள்.

இருக்கட்டும். அன்று கையை எடுத்தேன். இன்று சுவிட்சை அணைத்துவிட்டேன்.