அரக்கு நிறச் சுவெட்டர் கை

என் கடை மேசையின் இழுப்பறையில், பொத்தான் அட்டைகளுக்கு அடியில், அரக்கு நிறத்தில் ஒரு சுவெட்டர் கைத்துண்டு கிடக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான பாகம் மட்டும். மேல்பக்கம் கத்தியால் வெட்டியதில் நேராக இருக்கிறது. கீழே மணிக்கட்டுப் பட்டிக்குச் சற்று மேலே பின்னலில் ஒரு கண்ணி விடுபட்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கடையில் உதவிக்கு வரும் பெண்கள் யாராவது இழுப்பறையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அதைக் கையில் எடுத்தால் கத்திவிடுவேன். எனக்கு லேசாகக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் முடிவு செய்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

லிந்துலை பஜாரில் எங்கள் கடை. நூல், ஊசி, லேஸ், ரிபன், கம்பளி நூல் என்று அப்பா தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்மாரில் ஒருவர் கொழும்புக்கும் ஒருவர் கனடாவுக்கும் போய்விட்டார்கள். கடையும் நானும் மிச்சம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. "அளவு சரியா வரலைங்க" என்று சொல்லி நூலை எடுத்துப் போடுவேன். இதில் ஒரு வேடிக்கை, இத்தனை வருடமாகக் கம்பளி விற்கும் எனக்குப் பின்னத் தெரியாது. பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் விற்பது மாதிரி என்று அண்ணி ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளோடு அதிகம் பேசுவதில்லை.

கடைக்கு வரும் கைவேலைக்காரர்களில் யாரும் கைவேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டுக் கிளம்பியவர்கள் இல்லை. நானுஓயாவிலிருந்து வரும் ஒரு வேன் டிரைவர் மணி கோத்துப் பறவைகள் செய்கிறார். கால் முறிந்து படுத்திருந்தபோது மகளின் அறுந்த மாலையைக் கோத்துக் கொடுக்கப் போய் அப்படியே பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு அம்மா பழைய சேலைக் கரைகளை முறுக்கி மிதியடி தைக்கிறார். தூக்கம் வராத வியாதியில் தொடங்கியதாம். எல்லோரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்று உடைந்திருக்கும், அறுந்திருக்கும், அல்லது வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கும். கவாத்து அண்ணனுக்கு இவை எல்லாமே நடந்தன.

அவர் பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்காலுக்குக் கீழே மட்டமாக வெட்டிவிடுவார்களே, அந்த வேலை. வயதில் என்னைவிட மூத்தவர். ஆனால் என்னை "அக்கா" என்பார். நான் அவரை "அண்ணே" என்பேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல்முறை வந்த அன்று நல்ல மழை. தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, ஷொப்பிங் பைக்குள்ளிருந்து அந்தக் கைத்துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தக் கலர்ல நூல் இருக்குங்களா அக்கா?"

"என்னண்ணே இது, எலி கடிச்சதா?"

"எலி இல்லீங்க. நாந்தான்."

அவர் மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் இல்லை. அந்தச் சுவெட்டர் மனைவியின் அம்மா தன் மகளுக்குப் பின்னிக் கொடுத்தது. அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. மனைவி குவைத்துக்குப் போகும்போது அதை ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்பப்ப எடுத்து வெயிலில் போடுங்கள், தீபாவளிக்கு வரும்போது இதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வருவேன் என்று சொல்லிப் போனார். ஒரு நாள் வெயிலில் போட எடுத்தபோது முழங்கைப் பக்கம் நைந்து பிரிந்திருப்பதைக் கவாத்து அண்ணன் பார்த்தார். சரிசெய்து வைத்தால் வருகிறவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். தனக்குத் தெரிந்த முறையில் சரிசெய்தார்.

"நோவு விழுந்த கெளய நல்ல மரம் தெரியிற எடம் வரைக்கும் வெட்டணுங்க. அப்பத்தான் துளிரு வரும். அத மாதிரி நைஞ்ச எடத்துக்கு மேல மட்டமா ஒரே வெட்டு. நல்ல எடத்த மடிச்சுத் தச்சுட்டு, வெட்டின துண்ட திரும்பக் கோத்துறலாம்னு பாத்தேன். தைக்கத் தொட்டா ஓரம் பிரியுது. சரியான எடத்துல வெட்டல போலன்னு இன்னுங் கொஞ்சம் மேல வெட்டினேன். அதுவும் பிரியுது. இன்னுங் கொஞ்சம் மேல..."

தோள் வரைக்கும் வெட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனுஷன் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. நுவரெலியாவில் சுவெட்டர் குவித்து விற்கிறார்கள், இதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அவ அம்மா கையால பின்னுனதுங்க. வேற ஒண்ணும் இல்ல அவளுக்கு அவுங்க நெனப்பா." நிறம் பார்த்துக் கொழும்பிலிருந்து நூல் வரவழைக்கிறேன் என்று சொல்லி மாதிரிக்காக அந்தத் துண்டை வாங்கி இழுப்பறையில் போட்டேன். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

பின்னித் தர ஆள் தேடினோம். கிடைக்கவில்லை. என் ஃபோனில் பின்னல் வீடியோக்களைத் தேடிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரியின் விரல்கள் படபடவென்று ஓடின. "இவுங்க கட்டுறதப் பாத்தா ஒண்ணும் புரியலைக்கா. நான் அவுக்குறதப் பாத்துத்தான் புரிஞ்சுக்கணும் போல" என்றார். வீட்டுக்குப் போய், நன்றாக இருந்த மறுகையையும் அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு கண்ணியை உருவுவார், எந்தக் கண்ணிக்குள்ளிருந்து அது வந்தது என்று பார்ப்பார், திரும்ப உள்ளே நுழைப்பார், மறுபடி உருவுவார். மற்றவர்கள் பின்னிப் பின்னிக் கற்கிற வேலையை இவர் பின்பக்கமாக நடந்து போய்க் கற்றார். ஊசிக்குப் பழைய குடையின் இரும்புக் கம்பிகள். கவாத்துக் கத்தி தீட்டும் கல்லிலேயே முனையைத் தேய்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னியதைக் கொண்டுவந்து காட்டுவார். முதலில் வந்தது ஓரம் நெளிந்த தோசை மாதிரி இருந்தது. அதையே சொன்னேன். "சட்னி குடுங்கக்கா" என்றார். அடுத்த வாரம் கொஞ்சம் நேரானது. கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுவார். பக்கத்துப் பக்கத்து வீடுகளாக ஒட்டியிருக்கும் லயத்தில் தெரிந்தால் குவைத்துக்குச் செய்தி போய்விடும் என்று பயம். பயத்தில் தொடங்கியது எப்போது ஆசையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசையில் நிற்கும்போதும் விரல்கள் தானாக அசைகின்றன, பக்கத்தில் நிற்கிறவன் நரம்பு வியாதியா என்று கேட்டான் என்று சொல்லிச் சிரித்தார். "வேல முடிஞ்சு வீட்டுக்குப் போனா பேச்சுக் குடுக்க ஆளில்லக்கா. ரேடியோவ போட்டா அது பாட்டுக்குப் பேசுது. இது அப்பிடி இல்ல. அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு நம்மகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கு." அந்த வார்த்தை எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. அந்த மாதங்களில் நானும் அவரைத் தவிர வேறு யாரோடும் விலை தவிர எதுவும் பேசவில்லை. இதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு பிளேன்டீ கூடுதலாக ஊற்றுவேன், அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து நூல் வந்தது. கடைக்குள் பார்த்தால் அதே நிறம். வாசலில் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிறல். இரண்டு கைகளை மட்டும் இதில் பின்னினால் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, முழுச் சுவெட்டரையும் அவிழ்த்துவிடப் போகிறேன் என்றார். பழைய நூலில் ஒரு வரி, புது நூலில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் உடம்பு முழுவதும் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் கணக்கு. வேண்டாம் அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். தப்பினால் ஒன்றுமே மிஞ்சாது. இதற்கு நடுவில் மனைவி வீடியோவில் வந்து, "சுவெட்டர வெயில்ல போட்டீங்களா? எங்க, காட்டுங்க பாப்போம்" என்று கேட்பாராம். இவர் சார்ஜ் போகிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவாராம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்து அதை ஒப்புவித்துவிட்டுத்தான் போவார்.

தீபாவளிக்கு மனைவி வந்தார். பண்டிகை முடிந்து கவாத்து அண்ணன் கடைப்படி ஏறியபோதே முகத்தில் தெரிந்தது. "போட்டுக்கிட்டாக்கா. கோயிலுக்குப் போட்டுக்கிட்டு வந்தா. இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்களேன்னு சொன்னா. ஒண்ணுமே தெரியல அவளுக்கு." கண் கலங்கியிருந்தது. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். போகும்போது திரும்பி நின்று, "அந்தத் துண்டத் தூக்கிப் போட்டுருங்க, என்னைக்காவது அவ கண்ணுல பட்டுறப் போகுது" என்றார். சரி என்றேன். அன்று கூட்டம், மறந்துபோனேன்.

அவர் மனைவி திரும்பக் குவைத்துக்குக் கிளம்பச் சில நாட்கள் இருந்தபோது கடைக்குத் தனியாக வந்தார். மெலிந்த பெண். அந்தச் சுவெட்டரைத்தான் போட்டிருந்தார். எதுவும் கேட்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் என்ன வேண்டும் என்றேன்.

"அவரு ஞாயித்துக்கெழம தவறாம இங்கதான் வருவாராமே. லயத்துல சொன்னாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சுவெட்டர் கையைப் பிடித்துக் காட்டினார்.

"இத நீங்களா பின்னிக் குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க. இது எங்கம்மா பின்னுனது இல்ல. எங்கம்மா எது பின்னுனாலும் ஒரு எடத்துல கண்ணி விட்டுருவாங்க. சின்ன வயசுலருந்து அதுக்குள்ள வெரல விட்டுக்கிட்டே இருப்பேன். போட்ட அன்னைக்கே வெரலு தேடுச்சு. ஓட்டையக் காணோம்."

எனக்குப் பின்னவே தெரியாது என்றேன். இழுப்பறையைத் திறந்து துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். கவாத்து முறையில் வெட்டியது, குடைக்கம்பி, முழுவதையும் அவிழ்த்தது, சார்ஜ் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவரா? சட்டப் பொத்தான் அறுந்தா கூட என்னத்தான் கூப்புடுவாரு" என்றார். பிறகு துண்டை எடுத்து, பார்க்காமலேயே விரலை அந்த ஓட்டைக்குள் விட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். "வேணாங்க. வீட்டுக்குக் கொண்டு போனா எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரிஞ்சிரும். மனசு ஒடைஞ்சு போயிருவாரு. இங்கயே இருக்கட்டும். வர்றப்ப எல்லாம் நான் வந்து பாத்துக்கிறேன். நீங்களும் சொல்லிறாதீங்க அக்கா" என்றார். சுவெட்டரை இந்த முறை குவைத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வீட்டுக்குள் ஏசி குளிர் தாங்க முடியவில்லையாம். கவாத்து அண்ணன் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் அப்படியா அண்ணே என்றேன்.

இப்போது அவர் ஒளித்துப் பின்னுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கிறார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கைவினைக் கண்காட்சி நடத்திய ஒரு பெண் அவரைத் தேடி வந்து, இந்தக் கலையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாராம். "கெடுத்துத்தாம்மா" என்றாராம். அதற்குமேல் சொல்லவில்லை. மனைவியின் ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகிறது. அவர் வராமலே ஒரு தீபாவளி போய்விட்டது. அடுத்ததும் சந்தேகம்தான்.

போன ஞாயிறு வந்து நூல் வாங்கும்போது சொன்னார்: "நேத்து ஃபோன்ல கேக்குறாக்கா, சுவெட்டரு முழங்கை நைஞ்சிருச்சாம், வெட்டித் தச்சுக்கவான்னு. நான் பதறிப்போயி, ஐயோ வெட்டாத, மொத்தமும் பிரிஞ்சிரும்னு கத்திப்புட்டேன். அவ சிரிச்சா பாருங்க, அப்பிடிச் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கிறன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா." பிறகு மேசையைப் பார்த்தபடி, "தெரிஞ்சிருக்குமோ?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியாது அண்ணே" என்று சொல்லி நூலைப் பையில் போட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

கடையைச் சாத்துமுன் இழுப்பறையைத் திறந்தேன். இத்தனை நாளில் நான் செய்யாததை அன்று செய்தேன். ஆள்காட்டி விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் நுழைந்தது. ஒரு சுவெட்டருக்காக ஒருவர் தலைகீழாக நின்று பின்னக் கற்கிறார். ஒருவர் அதைக் கண்டுபிடித்தும் கடல் தாண்டிப் போய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் பொருள் எதையும் யாரும் இப்படிக் கெடுக்கவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. மறைக்க வேண்டிய ஆள் யாரும் கடையில் இல்லாததால் அழுதேன். பிறகு துண்டை மடித்துப் பொத்தான் அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். குவைத்திலிருந்து வந்தால் அவள் கேட்பாள்.