காலிலிருந்து நெஞ்சுக்குப் போன குழாய்

தெருவே கத்திரிக்காரர் என்று கூப்பிடும் அந்த மனுஷர் முடி வெட்டுகிறவர். கடையில் நாற்காலி இருந்தது, ஆனால் அது வருகிறவர்களுக்கு. அவர் காலம் முழுக்க நின்றே வேலை பார்த்தார். நெஞ்சு அடைத்துக்கொண்டபோது, நின்று நின்று தேய்ந்த அந்தக் காலிலிருந்தே ரத்தக்குழாயை உருவி இதயத்தில் வைத்துத் தைத்தார்கள்.

அன்றிலிருந்து அவர் மனைவி, பொழுது சாய்ந்தால் எண்ணெயைச் சூடாக்கிக் கால் தழும்பை நீவிவிடுவாள். நெஞ்சுக்குள்ளே கையை விட முடியுமா? காலாவது கைக்கு எட்டுதே.

"ஏன்டி, நோவு மேல. நீ கீழ தேய்க்கிற."

"பொறந்த வீட்டை நல்லா வச்சிக்கிட்டாத்தான் போன எடத்துல அது நிம்மதியா இருக்கும்."

"அப்போ ஒரு நாள் அழைச்சிட்டு வந்து சோறு போடு!"

சிரித்தவர்தான். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை.

"வெள்ளை அணுவுல ஒரு வகை ஏறியிருக்கு, இன்னொண்ணு எறங்கியிருக்கு. காய்ச்சல், புண்ணுன்னு எதுவும் காணோம். தைச்ச குழாய் உள்ளுக்குள்ள வீங்கி அடைக்குதோ என்னவோ. ரத்தத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்துடலாம்."

மனைவி சட்டென்று துணியை முட்டிவரை தூக்கிக் காலை நீட்டினாள்.

"அது கெட்டுப்போச்சுன்னா என்னோடதை எடுத்துக்கோங்கம்மா. நான் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறவ. தேயாம அப்படியே இருக்கும்."

"அடுத்தவங்களோடது ஒத்துக்காதும்மா."

"நான் அடுத்தவளாம்மா?"

கத்திரிக்காரர் குனிந்து அவள் துணியை இறக்கிவிட்டார்.

ஸ்கேன் அறை வாசலில் சட்டை, கடிகாரம், செருப்பு, குழாய் எடுத்த கால் வீங்காமலிருக்கப் போடும் இறுக்கமான நீள உறை எல்லாவற்றையும் கழற்றி அவள் மடியில் போட்டார்.

"கடைச் சாவி சட்டைப் பையில இருக்கு."

"நீங்களே வந்து எடுத்துக்கோங்க. நான் தொட மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதோ, யாரிடம் கேட்பது? உறைக்குள் கையை விட்டாள். சூடு இன்னும் இருந்தது. மெதுவாக, மேலிருந்து கீழே நீவ ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் நிறுத்தவில்லை.