கடலில் சேர்ந்த தாரிம் ஆறு

ஆசியாவில் ஓர் ஆறு கடலுக்குப் போகாமல் பாலைவன மணலுக்குள்ளேயே வற்றிவிடுகிறது என்பதை என் அத்தை கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆற்றின் பெயர் தாரிம். எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த வருடம் எங்களுக்கு ஆசியாப் பாடம். மலை, ஆறு, தலைநகரம் எதைக் கேட்டாலும் சொல்வேன். சொல்வதற்கு ஆள் கிடைக்காததுதான் என் குறை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டுகிற வேலை. ஆள் நீளப் பலகையில் முளைகள் அடித்திருக்கும். ஒவ்வொரு ஒயரையும் அதற்குரிய முளைகளைச் சுற்றி இழுத்து, முனையில் கனெக்டரைச் செருகி, எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். அத்தை கண்ணை மூடிக்கொண்டே செய்வாள் என்று உடன் வேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். ஆனால் அவள் கான்ட்ராக்ட் ஆள். வருடத்துக்கு ஒருமுறை சில வாரம் வீட்டில் உட்காரவைத்து, புது ஆள்போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன் கேட்டதும் அதைத்தான்.

பொங்கலுக்கு முன்னால் தொழிற்சாலையில் விழா நடக்கும். லைனுக்கு ஒரு கோலம் என்று போட்டி. அந்த முறை எச்.ஆர். அதிகாரி தலைப்பு கொடுத்துவிட்டார்: ‘நம் ஆசியா’. கம்பெனிக்கு ஆசியாவில் பல நாடுகளில் கிளைகள் உண்டு. அத்தனைக்கும் மேலான பெரிய அதிகாரி வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வருகிறார். மற்ற லைன் பெண்கள் கரும்பும் பானையும் போட முடியாதே என்று சலித்துக்கொண்டார்கள். அத்தை சலிக்கவில்லை. முதல் பரிசு வாங்கும் கோலத்தின் பக்கத்தில் பெரிய அதிகாரி நின்று படம் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அவளுக்குப் போதும்.

“எச்ஆர் கைல சொன்னா மேல போவ மாட்டேங்குது. மேல கீறவரு கைலயே நேரா சொல்லிட்டா, கீழ தானா வந்துடும்” என்றாள்.

“இன்னா, இங்கிலீசுல பேசப் போறியா?” என்று அப்பா சிரித்தார்.

“எனக்கு எதுக்கு இங்கிலீசு? எச்ஆர் சாரு பக்கத்துலயே நிப்பாரு இல்ல? அவரு சொல்லுவாரு.”

ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. நான் அட்லஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் சந்திக்கும் இடத்திலெல்லாம் அத்தை ஒரு புள்ளி வைத்தாள். “இதான்டி முள. இப்ப ஒயர இழுத்துடலாம்” என்று கோலமாவை எடுத்தாள். அரேபியா, இந்தியா, மலேயா என்று மூன்று தீபகற்பங்கள் கீழே தொங்குவதைக் கண்டதும், “எங்க போர்டு மாதிரியே கீதுடி” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இமயமலைக்குக் கல்லுப்பைக் குவித்தாள். கோபிப் பாலைவனத்துக்கு மஞ்சள் பொடி. சைபீரியாவில் ஜனங்கள் மிகக் குறைவு என்று நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாள்.

“இம்மாம் பெரிய எடத்த சும்மாவா வுட்டு வெச்சிகிறாங்க? கம்பெனி கட்டலாமே.”

ஜனத்தொகைக்குக் கேழ்வரகு தூவினோம். கங்கைச் சமவெளியிலும் சீனத்தின் கீழ்க்கரையிலும் தூவியே டப்பா காலியாகிவிட்டது. நாட்டு எல்லைகளுக்கு வந்தபோது, இந்தக் கோட்டில் என்ன ஓடும் என்று கேட்டாள். ஒன்றும் ஓடாது, யாரும் தாண்டக் கூடாது, அதற்குத்தான் கோடு என்று விளக்கினேன். “ஒண்ணும் ஓடாத ஒயருக்கு எத்தினி வளைவு பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே கறுப்புப் பொடியில் இழுத்தாள்.

கடைசியாக ஆறுகள். கங்கை, யாங்சி, மஞ்சள் ஆறு என்று ஒவ்வொன்றாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தவள், தாரிமில் கையை நிறுத்தினாள்.

“இது இன்னா மொட்டையா நிக்குது?”

“மணல்லயே வத்திடும் அத்த. கடலுக்குப் போகாது.”

“ஒரு முனைய ஓபனா வுட்டா டெஸ்டிங்ல செவப்பு லைட் எரியும். மொத்தக் கட்டும் ரிஜெக்ட்டு.”

“இது ஒயர் இல்ல, ஆறு.”

“இன்னாவா இருந்தா இன்னா? கெளம்புனது எங்கியாச்சும் போய்ச் சேரணும்ல?”

நீலப் பொடியை எடுத்துப் பாலைவனத்தின் குறுக்கே இழுத்து, தாரிமை மஞ்சள் ஆற்றில் சேர்த்துவிட்டாள். என் கண்டம் கெட்டுப்போனது என்று அழுதுகொண்டே கீழே இறங்கிப் போனேன்.

விழாவன்று குடும்பத்தாரையும் உள்ளே விட்டார்கள். பெரிய அதிகாரி மாலையும் பொட்டுமாகக் கோலம் கோலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நரைத்த தலை, மெலிந்த உடம்பு. மற்ற லைன்காரர்கள் ஆசியா என்று எழுதி மயில் போட்டிருந்தார்கள். எங்கள் கோலத்தின் முன்னால் அவர் நின்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாரிமின் மேலே விரலை ஓட்டி, கூட வந்த எச்.ஆர். அதிகாரியிடம் ஏதோ சொன்னார்.

“யாரும்மா போட்டது? இந்த ஆறு இப்படி ஓடாதாம். தப்புங்கிறார்.”

நான் அன்றே சொன்னேனே என்று எனக்கு ஒரு பக்கம் திருப்தி. அத்தை முன்னால் வந்தாள்.

“ஓபனா வுட முடியாது சார். ரிஜெக்ட் ஆயிடும்.”

எச்.ஆர். அதிகாரி தயங்கித்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் ஒரு கணம் அத்தையையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அத்தையின் கைகளைப் பிடித்துப் புரட்டி விரல்களைப் பார்த்தார். முதல் பரிசு அங்கேயே முடிவாகிவிட்டது.

அத்தை நேரத்தை விடவில்லை. “சார், நாலு வருசமா கான்ட்ராக்ட்லயே கீறேன் சார். எங்கைல ஒரு ரிஜெக்ட் வந்தது இல்ல. புதுப் பொண்ணுங்களுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கறேன். இன்னிக்கு வேல கீது, நாளைக்குக் கீதான்னு தெரியாம இருக்கறது கஷ்டமா கீது சார். பெர்மனென்ட் பண்ணச் சொல்லுங்க சார்.” மூச்சு வாங்கும்வரை பேசினாள். பெரியவர் எச்.ஆர். அதிகாரியின் பக்கம் திரும்பினார். எச்.ஆர். அதிகாரி சிரித்த முகத்தோடு மிகச் சுருக்கமாக ஏதோ சொன்னார். அதில் ‘தேங்க்யூ’ ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. நாலு வருடத்துச் சங்கதியை இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறதே என்று ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பெரியவர் குனிந்து வணங்கி, பதில் சொன்னார். அது மட்டும் முழுதாகத் தமிழுக்கு வந்தது. “உன் கைவேலையை வீடியோ எடுக்கணுமாம்மா. புது பிளான்ட்ல இருக்கிறவங்களுக்குப் போட்டுக் காட்டணுமாம்.”

புது பிளான்ட் எங்கே என்பதைப் பெரியவரே காட்டினார். கண்டத்தின் தென்கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி ஒல்லியாக வளைந்து கிடந்த நாட்டின் மேல் விரல் வைத்தார். அதற்கு அத்தை கிளிப்பச்சை போட்டிருந்தாள்.

“வியட்நாம்! தலைநகர் ஹனோய்!” என்று கத்தினேன். மறுபடி கைதட்டல். இம்முறை எனக்கு.

திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் ஒரே கேலி. “நடிகை வராங்க, எழுந்து எடம் குடுங்கடி” என்றாள் ஒருத்தி. “ஃபாரின்ல படம் ஓடப் போவுது, நம்மள இனிமே கண்ணு தெரியுமா?” என்றாள் இன்னொருத்தி. அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். “பெர்மனென்ட் பண்ணாத ஆளயா வீடியோ எடுப்பாங்க?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். எடுக்கமாட்டார்கள் என்று நானும் உறுதியாகச் சொன்னேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் வீடியோ எடுத்தார்கள். புதுப் புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாள். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்று சொல்லி, சீருடையை மாட்டச் சொன்னார்களாம். எந்த ஒயர் எந்த முளையில் எப்படித் திரும்புகிறது என்று தெரிய, வழக்கமான வேகத்தைக் குறைத்து மெதுவாகச் செய்து காட்டினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள்.

கோடை முடிவதற்குள் அவள் லைனின் பலகைகளைக் கழற்றி, பிளாஸ்டிக் சுற்றி, கன்டெய்னர் லாரிகளில் ஏற்றினார்கள். ஏற்றும்போது முளைகள் உடையாமல் இருக்க அவள்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். பெர்மனென்ட் ஆட்களுக்கு வேறு லைன் கிடைத்தது. கான்ட்ராக்ட் பெண்களை எப்போதும்போல வீட்டில் இருக்கச் சொன்னார்கள். திரும்ப வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

சில வாரம் போனது. ஒரு மத்தியானம் நான் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அட்லஸ எடு. அந்தப் பச்ச நாடு எங்க கீது, காட்டு.”

காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, அங்கே மழை உண்டா என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் என்னிடம் பாடம் கேட்கிறார். ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: பருவக்காற்று நாடு, வடக்கே சிவப்பு ஆறு, தெற்கே மீகாங் ஆறு, இரண்டும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண், முக்கிய விளைபொருள் நெல்.

“நெல்லா?”

“ஆமாம் அத்த. எங்க பார்த்தாலும் நெல்லுதான்.”

அவள் வேலை செய்த தொழிற்சாலையின் மதில் சுவருக்குள், இப்போது பஸ்கள் நிற்கிற இடத்தில், எங்கள் கழனி இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே தொழிற்சாலைக்காக எடுத்துக்கொண்ட நிலம். நிலத்துக்கு ஈடாக வீட்டுக்கு ஒரு வேலை என்று அப்போது பேச்சு. அதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவுங்களும் கழனியக் குடுத்துட்டாங்களா?” என்றாள்.

அது பாடத்தில் இல்லை என்றேன். பரீட்சைக்கு வராத கேள்வியை ஏன் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் விரலை எடுக்கக் காத்திருந்தேன். எடுக்காததால், பக்கத்தில் இருக்கிற லாவோஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.