பார்த்துப் படித்த ஒப்பாரி

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். செய்யூர் பக்கத்தில் எங்கள் மாமனார் இறந்த அன்று, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். யார் தொட்டாலும் எனக்கு உடம்பு கூசும். சத்தம் காதைக் கிழிக்கும். அழுகையும் வரவில்லை. எருதுகளுக்குத் தண்ணீர் காட்டாமல் மாமனார் ஒருநாளும் வாயில் சோறு வைத்ததில்லை. அதனால் தொழுவத்துக்குப் போய் அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் வந்தாள். "மருமவளாடி நீ? கல்லாட்டம் நின்னுகினு கீற! வந்து அழு" என்று இழுத்துப் போனாள்.

கோலம் போடுவதிலிருந்து வெட்கப்படுவது வரை எல்லாமே நான் மாமியாரைப் பார்த்துக் கற்றதுதான். அன்றும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடியதை அதே ராகத்தில் உரக்கப் பாடினேன்.

"எம் பொட்ட அழிச்சிட்டுப் போனியே, எஞ் சாமி!"

ஒப்பாரி சட்டென்று நின்றது. அது புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுவது. என் புருஷனோ எதிரில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

"அடிப்பாவி!" என்று நாத்தனார் கையை ஓங்கினாள்.

"அவள வுடுடி. என்னப் பாத்துதான எல்லாம் செய்வா" என்றார் மாமியார்.

இன்றும் அதை நினைத்தால் கூனிக் குறுகிப் போகிறேன். அதைவிட உறுத்துவது, எருதுகளைப் பாதித் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனதுதான். அன்று மாமனாருக்காக நானாகச் செய்தது, அவற்றுக்குத் தண்ணீர் காட்டியது ஒன்றுதான்.