முன்கூட்டியே ஒரு நன்றி

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் யாரிடமும் வேலையைக் கேட்டு வாங்குவதில்லை. நன்றி சொல்லி வாங்கிவிடுவார்கள். பூசை முடியும் நேரத்தில் பங்குப்பேரவைச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இந்த வருஷத் திருவிழாச் சாப்பாட்டுப் பொறுப்பை அன்போட ஏத்துக்கிட்ட நம்ம சகோதரர்..." என்று ஆரம்பிப்பார். அந்தச் சகோதரருக்கே அப்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் கோயிலே கைதட்டி முடித்திருக்கும். அத்தனை கைதட்டலுக்குப் பிறகு எழுந்து, என்னை யாரும் கேட்கவே இல்லையே என்று சொல்ல எவருக்குத் துணிச்சல் வரும்? பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவார். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

நான் பாடகர் குழுவுக்குள் வந்ததும் இப்படித்தான். கல்யாணமாகி, சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்குக்குக் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் நின்று கொஞ்சம் சத்தமாகப் பாடிவிட்டேன். அடுத்த வாரமே நன்றி சொல்லிவிட்டார்கள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் இன்னும் அதே மைக்குக்கு முன்னால்தான் நிற்கிறேன்.

அந்த மைக் நிற்கும் கம்பியைப் பற்றி நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ ஒரு நெட்டையர் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போனது. திருகாணி துருப்பிடித்து இறுகிவிட்டது. நானோ குட்டை. குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கால்விரல்களில் நின்றுதான் பாட முடியும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பாத்துடலாம் தங்கச்சி" என்பார் செயலாளர். கோயிலுக்குப் புது ஏர்கான் வந்தது, பாட்டு வரிகள் ஓடப் பெரிய திரை வந்தது. திருகாணியைத் தளர்த்த ஒரு சொட்டு எண்ணெய்தான் வரவில்லை.

வாரநாட்களில் நான் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. நாலு வயதுக் குழந்தைகளுக்குப் பாடித்தான் தமிழ் சொல்லித்தர முடியும். கோழி மாதிரி கூவ வேண்டும், யானை மாதிரி பிளிற வேண்டும். என் பிழைப்பே தொண்டையில்தான். போன தவக்காலத்தில் அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. இஞ்சிச்சாறு, மிளகுப்பால் எல்லாம் குடித்துப் பார்த்தேன். ஒரு காலையில் குழந்தைகளுக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு சின்னப் பெண் பயந்துபோய் அழுதாள்.

குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். ஈஸ்டர் முடியும்வரை பேசக் கூடாது, பாடவே கூடாது. கிசுகிசுப்பது இன்னும் மோசம் என்று அதையும் தடுத்துவிட்டார். மீறினால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகும் பழைய குரல் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அங்கேயே குரல் பயிற்சி தரும் பெண் என்னை எழுப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஏன் எப்பவும் குதிகாலைத் தூக்கியே நிக்கிறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மைக் இல்லாத அறையிலும் என் குதிகால் தரையில் படவில்லை. ரெண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றி நின்று மூச்சு விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றார். ஊன்றினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்தே வந்தது.

பாலர் பள்ளியில் மருத்துவர் கொடுத்த எம்சி கடிதத்தைக் காட்டினேன். முதல்வர் முகத்தைச் சுளித்தாலும், என்னை வகுப்பிலிருந்து எடுத்துப் பாடப்பொருள் தயாரிக்கும் வேலை கொடுத்தார். கோயிலிலும் அதே மருத்துவர் கடிதத்தைச் செயலாளரிடம் காட்டினேன். கூடவே, ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறுக்கு என்னால் பாட முடியாது என்று போனில் தட்டி நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "ஐயோ, உடம்பப் பாத்துக்குங்க தங்கச்சி. அதானே முக்கியம்?" என்றார். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பில் அவர் குரல் தழுதழுத்தது. "தொண்டை சரியில்லாத நெலமையிலயும், ஆண்டவருக்காக வர்ற குருத்து ஞாயிறு பாட முன்வந்திருக்கிற நம்ம தங்கச்சிக்கு..."

கைதட்டல் இடிபோல் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தட்டினார். நான் திரும்பி முறைத்த முறைப்பில் கை பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும், "ஒரு நாள்தானே லா, மெதுவாப் பாடிட்டு வந்துடேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்களே" என்றார். அறையிலிருந்து மகள் தலையை நீட்டி, "அப்பா, அவங்க சொன்னா அம்மா பாடணுமா? ஹலோ, இட்ஸ் ஹெர் த்ரோட்!" என்றாள். அவருக்குப் பதில் சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று அடுக்கினேன். கேட்டுக் கொள்ளட்டும். என் தொண்டை என்ன கோயில் மணியா, கயிற்றைப் பிடித்தவர்கள் எல்லாம் இழுத்துவிட்டுப் போக?

குருத்து ஞாயிறு வந்தது. எல்லாரும் கையில் ஓலையோடு நின்றார்கள். நான் பாடகர் இடத்துக்குப் போகவில்லை. நாலாவது வரிசை ஓரத்தில் நின்றேன். ஆர்கன் வாசிப்பவர் முன்னிசையை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். பாடகர் குழுவே என்னைப் பார்த்தது. ஃபாதர் வாசலில் ஓலையோடு காத்து நின்றார். செயலாளர் வா வா என்று கையை ஆட்டினார். என் காது சூடேறி, முதுகெல்லாம் வேர்த்தது. கால் தானாகக் கிளம்பப் பார்த்தது. குதிகாலை அழுத்தி ஊன்றினேன். செருப்புக்கு அடியில் தரை கெட்டியாக இருந்தது. அங்கேயே நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் பாட ஆரம்பித்தது. கோயிலுக்குப் புதிதாக வரத் தொடங்கிய ஒரு பெண். மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார், முடிந்ததும் யாரோடும் பேசாமல் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நல்ல கனத்த குரல். அவரோடு கோயில் முழுக்கப் பாடியது, சுருதி தப்பி, இழுத்து இழுத்து. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருடம் இந்தச் சனங்களுக்கு வாய் இருந்திருக்கிறது, நான் ஒருத்தி கால்விரலில் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

பூசை முடியும் நேரம் வந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆண்டவர் ஒரு கதவ அடச்சா இன்னொரு கதவத் திறப்பார்னு இன்னிக்குப் பாத்தோம். இந்த வாரம் வர்ற பெரிய வியாழன்லேர்ந்து நம்ம பாடகர் குழுவ வழிநடத்தப் போற சகோதரிக்கு..."

கைதட்டல் கிளம்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது. அதை எனக்கு நன்றாகத் தெரியும், என் முகத்தில் இருபது வருடம் குடியிருந்த சிரிப்பு அது.

எழுந்தேன். நடுப்பாதையில் போய் நின்று, ரெண்டு கையையும் உயர்த்தி நிறுத்துங்கள் என்று காட்டினேன். முன்வரிசையில் கைதட்டல் நின்றது, பிறகு பின்வரிசையிலும் நின்றது. செயலாளர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் அந்தப் பெண்ணைக் காட்டி, என் வாயைத் தொட்டு, அவரைக் கேளுங்கள் என்று சைகை செய்தேன்.

கோயிலே திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைக் இல்லாமலே, கடைசிவரை கேட்கும்படி சொன்னார்: "என்னால முடியாதுண்ணே. அத்தைய விட்டுட்டுப் பயிற்சிக்கெல்லாம் வர முடியாது. மன்னிச்சுக்குங்க."

யாரும் கைதட்டவில்லை. ஃபாதர் சட்டென்று ஆசீர் கொடுத்து முடித்தார்.

வழக்கமாகப் பூசை முடிந்ததும் பாடகர் குழு மொத்தமும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் பஸ் ஏறும், தோசை சாப்பிட. அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. கணவர் தலைவலி என்று நேரே வீட்டுக்குப் போய்விட்டார். நான் தனியாகப் போனேன். அவர்கள் ஒரு மேசையில், நான் இன்னொரு மேசையில். கோபம் இறங்கவில்லை, இப்போது எழுதும்போதும் முழுசாக இறங்கிவிடவில்லை. ஆனால் நல்ல பசி. கடைக்காரரிடம் தோசையையும் டீயையும் விரலால் காட்டினேன். தட்டை வைத்துவிட்டு, "கேசரி சூடா இருக்கு, வைக்கவாக்கா?" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.