சத்தம் போடாத ஃபேன்

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான். முன்னறையில் கட்டிலில் என் சம்சாரம் படுத்திருந்தாள். அதே அறையில் ஜன்னல் ஓரம் மகளின் மேசை. மேசையில் கம்ப்யூட்டர். நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம்.

சம்சாரம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொளுந்து எடுத்தவள். சர்க்கரை வந்தது. முதலில் கண் போனது. அப்புறம் கிட்னி. இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசவில்லை.

மகளுக்கு வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை. ஏதோ சாமான் விற்கிற கம்பெனி. வாங்கினவர்கள் குறை சொல்லக் கூப்பிடுவார்கள். இவள் பதில் சொல்லி, அதை டைப் செய்து வைப்பாள். சில நேரம் விடாமல் வரும். சில நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பாக்டரிக்குப் போய்விடுவேன். அம்மாவுக்குத் தண்ணீர், மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம் இடையிடையே அவள்தான்.

கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட். வாங்கும்போது சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் விறகு அடுப்பு. மழைக்காலத்தில் புகை வெளியே போகாது. சுவரெல்லாம் ஈரம். கரியும் ஈரமும் சேர்ந்து பெட்டியின் பின்னால் இருக்கிற ஃபேனில் களி மாதிரி அப்பிவிட்டது. நான் பிரித்து பிரஷ் போட்டுத் துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்தது. பிறகு முன்னைவிட மோசமாகக் கத்த ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள மாவு மில்லு போட்டிருக்கீகளா? சொல்லியிருந்தா நாங்களும் மொளகா கொண்டாந்து அரைச்சிருப்போம்ல."

கட்டிலிலிருந்து சம்சாரம் சொன்னாள். "கொண்டா. கூலியும் சேத்துக் கொண்டா."

அந்த நிலையிலும் அவள் வாய் அப்படித்தான்.

மகள் சிரிக்கவில்லை. போனில் வருகிறவர்கள் அவளிடம் கேட்கிறார்களாம், பஸ்ஸில் போய்க்கொண்டே பேசுகிறீர்களா என்று. மேலே இருக்கிற அதிகாரி ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாராம். இவள் குரலை விட ஃபேன் குரல்தான் பெரிதாம்.

"என்ன சொல்றாக?" என்றேன்.

"சத்தம் நிக்கணுமாம்ப்பா. இல்லன்னா கோயம்புத்தூர் ஆபீசுல வந்து உக்காந்து வேல பாக்கணுமாம்."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சென்றது. அவள் திரும்பிப் படுத்தாள்.

என்னால் சம்பளத்தை விட முடியாது. மகளாலும் விட முடியாது. மகள் கோயம்புத்தூர் போனால் இவள் நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பாள். தண்ணீர்ச் செம்பு எங்கே என்று தடவிக்கொண்டு கிடப்பாள். அதனால் புது ஃபேன்.

பாக்டரியில் எனக்குக் கொளுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. நீளத் தொட்டி. மேலே கம்பி வலை. வலைமேல் கொளுந்து பரப்பியிருக்கும். ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு ஃபேன். காற்று உள்ளே போய் கொளுந்துக்குள் ஏறி வர வேண்டும். காற்று பலமில்லை என்றால் கொளுந்து புழுங்கிச் சிவந்துவிடும். சூப்பர்வைசர் வந்து கத்துவார். ஆகவே ஃபேன் என்றால் எனக்குக் காற்று. அங்கே காது யாருக்கும் வேலை செய்யாது. கையை நீட்டித்தான் பார்ப்போம்.

கட்டப்பனை டவுனில் கம்ப்யூட்டர் கடையிலும் அப்படித்தான் செய்தேன். கடைக்காரர் இரண்டு மூன்று ஃபேனைச் சுற்றவிட்டுக் காட்டினார். கையை நீட்டினேன். உள்ளங்கை அளவுதான் இருந்தது ஒன்று. காற்று விரலைத் தள்ளியது. வெளியே பஸ், ஜீப், ஏலக்காய் லாரி. எந்த ஃபேனின் சத்தமும் கேட்கவில்லை. அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாட்டி ஓடவிட்டோம். ஊசி காதில் இறங்குகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். மகள் காதில் மாட்டியதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பழசு மாவு மில்லு," என்றாள் சம்சாரம். "இது மில்லுக்காரன் பொண்டாட்டி."

அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மகளின் ஆபீசில் கேட்டிருந்தார்கள். நான் லீவு போட்டேன். இந்தத் தடவை பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன். மழை. கொளுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கு அவளுடையது ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சுற்றிக் கட்டினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் மலையாளத்துக்காரர். தமிழ் பேசுவார், இழுத்து இழுத்து.

"அண்ணா காத்து பார்த்துட்டு வாங்கிட்டுப் போனீங்க அல்லே? நான் அப்பவே சொல்ல வந்தேன். நீங்க கையை நீட்டினது பார்த்து பேசாம இருந்தேன்."

"எது சத்தம் போடாதோ அதக் குடுங்க."

"சின்ன ஃபேன் வேகமா சுத்தணும், அப்பதான் காத்து. வேகமா சுத்தினா சத்தம். பெருசு மெதுவா சுத்தினா போதும். அதே காத்து. சத்தம் இல்ல." பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். "பாருங்க, பெருசுக்கும் துளை இருக்கு. யாரோ மடியன் சின்னதை மாட்டி வச்சிருக்கான்."

கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கிற அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். தெருச் சத்தம் நின்றது. பெரிய ஃபேன்களை ஒவ்வொன்றாக என் காதுப்பக்கம் பிடித்தார். ஒன்றில் உள்ளே மணல் உரசுவது போல் இருந்தது. தண்டு சுற்றுகிற இடம் மட்டமான சரக்கு, ஈரம் பட்டால் சீக்கிரம் தேயும் என்றார். ஒன்று வண்டு மாதிரி முனகியது. இன்னொன்றை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லை என்று நினைத்தேன். கன்னத்தில் காற்று பட்டது.

"இது," என்றேன்.

"இது உள்ளே எண்ணெய் அடைச்சது. நிறைய நாள் வரும். வேகம் இன்னும் குறைக்கலாம், கம்ப்யூட்டர்லயே. மகளுக்குத் தெரியும்." பிறகு கேட்டார். "இவ்வளவு சத்தமில்லாம எதுக்கு? தூங்கறதுக்கா?"

"மகள கோயம்புத்தூருக்குக் கூப்பிடுறாக."

"நல்லது அல்லே? டவுன் அல்லே?"

"வீட்ல ஆளு முடியாம கெடக்கு."

அவர் திருகாணிக்குப் பதிலாக ரப்பர் முளைகள் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். ஃபேன் நடுங்கினாலும் பெட்டிக்குத் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். சத்தம் இல்லை. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி சுட ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற இன்னொரு ஃபேன் பயந்துபோய்க் கத்தியது. மகள் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ப்பா, உள்ளாற கொளுந்தா பரப்பி வச்சிருக்கீக? இது சூட்ட வெளிய தள்ளணும். நீங்க உள்ள ஊத விட்டிருக்கீக."

பாக்டரிப் பழக்கம். ஃபேன் என்றால் உள்ளே ஊதவேண்டும் என்று கை தானாக மாட்டியிருக்கிறது.

திரைக்குப் பின்னால் சம்சாரமும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மகள் ஓடிப்போய் நிமிர்த்தி உட்கார வைத்தாள். அதற்குள் நான் ஃபேனைத் திருப்பி மாட்டினேன். மேசைப் பலகை ஆடியது. என் பழைய ரப்பர் பூட்ஸை அறுத்துப் பெட்டியின் காலுக்கடியில் வைத்தேன். வேகத்தை மகள் குறைத்தாள்.

அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. கட்டிலில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அது அவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. மில் சத்தத்தில் மூடிக் கிடந்திருக்கிறது.

ஆபீசில் சரி என்றார்கள். வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள்.

இரண்டு நாள் போயிருக்கும். நான் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். சம்சாரம் கூப்பிட்டாள்.

"பாப்பா."

"என்னம்மா?"

"இருக்கியா?"

"இங்கதான இருக்கேன்."

நான் கஞ்சி குடித்து முடிக்கும் முன்னால் மறுபடியும். "பாப்பா. இருக்கியா?"

மகள் திரையை விலக்கினாள். "நான் பேசறது கேக்குதுல்லம்மா?"

"பேசறப்ப கேக்குது. பேசாம இருக்கறப்ப? முன்னால அது ஓடிக்கிட்டுக் கெடக்கும். சரி, புள்ள உக்காந்திருக்குன்னு நானும் கெடப்பேன். இப்ப ஒண்ணுமே தெரியல."

போன் வருகிற நேரத்தில் சம்சாரம் கூப்பிட்டுவிடுவாள். யாரும்மா அங்கே அழுவது என்று ஒருத்தர் கேட்டாராம். மகள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்.

"பழச மாட்டிருவோமா, புள்ள?" என்று நான் சம்சாரத்திடம் கேட்டேன்.

"எதுக்கு? அவ பொழப்பக் கெடுக்கவா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஏங்க, சேலக்கரை ஏதாச்சும் கெடந்தா நீளமாக் கிழிங்க."

எங்கள் லயத்தில் பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டு, ஒரு கயிற்றைத் தாயின் கால் விரலில் கட்டிக்கொள்வார்கள். கை அடுப்பில், காய் நறுக்குவதில் இருக்கும். கால் தொட்டிலை ஆட்டும். மகளை அவள் அப்படித்தான் வளர்த்தாள்.

நான் கிழித்துக் கொடுத்தேன். ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மறு நுனியைத் திரைக்கடியில் விட்டு மகளின் கால் கட்டைவிரலில் கட்டினோம்.

"நான் இழுப்பேன். நீ ஆட்டு. வாயத் தொறக்க வேண்டாம்," என்றாள்.

மகள் ஆட்டிக் காட்டினாள்.

"மெதுவா ஆட்டு. நான் என்ன கைக்கொழந்தயா?"

அப்படியே ஓடியது. மகள் யாரிடமோ போனில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பாள். மேசைக்கடியில் கால் மட்டும் ஆடும். வெளியே போகும்போது கயிற்றைக் கழற்றி, சொல்லிவிட்டுப் போவாள். வந்ததும் கட்டிக்கொள்வாள். மழை விட்டது. பனி வந்தது. அவள் கயிற்றை இழுப்பது குறைந்தது. ஆனாலும் இழுத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். மகள் போனில் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கால் கழுவிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனேன்.

வாசலிலேயே எனக்குப் பட்டிருக்க வேண்டும். மூச்சுச் சத்தம் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடு இருந்தது. கயிறு அந்தக் கையில்தான் சுற்றியிருந்தது. நான் எடுத்ததில் அது இழுபட்டது போலிருக்கிறது.

கயிறு ஆடியது. மெதுவாக ஆடியது. மறுபடியும் ஆடியது.

"சரிங்க சார், கண்டிப்பா பண்ணிக் குடுக்குறோம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பேசி முடிக்கும் வரை நான் கூப்பிடவில்லை.

கருமாதி முடிந்து மகள் கோயம்புத்தூர் போனாள். இங்கே இருக்கவேண்டிய காரணம் இல்லை. நானும் போ என்றுதான் சொன்னேன். ஆபீசிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதனால் பெட்டி இங்கே மேசையில்தான் இருக்கிறது. கரி படியாமல் இருக்க அவள் அம்மாவின் படங்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

மகள் வேலைக்கு நடுவே போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களாப்பா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவளுக்குப் பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் கேட்கும். நாற்காலி இழுபடும். யாரோ சிரிப்பார்கள். அங்கே அதை யாரும் குறை சொல்வதில்லை போலிருக்கிறது.

அவளாக வைக்கும் வரை நான் போனை வைப்பதில்லை.