வேப்பமரத்துப் பம்ப் என்று எழுதியவர்

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரகடம் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நம் பராமரிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. கண்காணிப்பு அறை அமுதவல்லி நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். நான் நம்பாமல் அவருடைய எண்ணுக்கே போன் போட்டேன். அவர் தம்பி எடுத்து அழுதார். மணிமங்கலத்தில் அவர் வீட்டில் அன்று கூடிய கூட்டத்தில் நம் ஆலைச் சட்டைகள்தான் அதிகம். அங்கே நின்ற உங்களில் பாதிப் பேர் அவரோடு சண்டை போட்டவர்கள். அதில் முதல் ஆள் நான்.

பழைய எச்சரிக்கை மின்னஞ்சல்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப், கம்ப்ரசர், மின்பலகை எதில் கோளாறு என்றாலும் கணினி தானாகவே அனுப்பும். தலைப்பில் ஒரு நீளமான எண், உள்ளே இன்னும் சில எண்கள், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாருக்கும். ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் 'மிக அவசரம்' என்று வரும். தொல்லை பொறுக்காமல் சூப்பர்வைசர்கள் எல்லாரும் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டோம். என்னுடையதற்கு நான் வைத்த பெயர் 'குப்பை'. ஒருநாள் உண்மையான ஆபத்தும் அதற்குள்ளேயே போய் விழுந்தது. உற்பத்தி லைன் அரை ஷிப்ட் நின்றது. திட்டு வாங்கியது மட்டும் அமுதவல்லி.

அவர் நேராக மேலாளரிடம் போய், மின்னஞ்சலை நானே மாற்றி எழுதுகிறேன் என்று கேட்டார். ஒரு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் எச்சரிக்கை போய்ச் சேராமல் லைன் ஒருமுறை நின்றாலும் பழைய மின்னஞ்சலே திரும்ப வரும், கண்காணிப்பு அறையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள். ஒப்பந்த ஊழியரான அவருக்கு வேலையே போய்விடும். "எதுக்கும்மா வம்ப வெலைக்கு வாங்கற?" என்று கேட்டேன்.

"நான் அனுப்பறத நீங்க குப்பைல போட்டுக்கினு கீறீங்க. அப்பறம் நான் இன்னாத்துக்கு சார் இங்க குந்திக்கினு இருக்கணும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஃபோல்டரை நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் தமிழ் மின்னஞ்சல் வந்தது. எது நின்றது, எத்தனை நிமிடத்தில் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்று மூன்றே வரி. அந்த ஷிப்டின் ஃபிட்டருக்கும் அவருடைய சூப்பர்வைசருக்கும் மட்டும் போகும். அதிலும் ஒரு கோளாறு. 'இரண்டாம் எண் பம்ப்' என்று ஆலை வரைபடத்தில் இருந்தபடி எழுதியிருந்தார். நம் ஆட்கள் எண்ணைப் பார்த்து என்றைக்கு வேலை செய்தார்கள்? ஃபிட்டர் வேறு பம்புக்குப் போய் நின்றார். லைன் மயிரிழையில் தப்பியது. நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலை முழுக்க நடந்தார். ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் நின்று, "இத்த நீங்க இன்னான்னு சொல்வீங்க?" என்று வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுதினார். வேப்பமரத்துப் பம்ப், கேன்டீன் பின்பக்கக் கம்ப்ரசர், இருமல் மோட்டார். புதன்கிழமை எல்லா மின்னஞ்சலிலும் இந்தப் பெயர்கள் ஏறிவிட்டன. "ஆடிட்டர் பார்த்தா சிரிப்பாரும்மா" என்றார் மேலாளர்.

"சிரிக்கட்டும் சார். ஆடிட்டரா வந்து பம்பு போடப் போறாரு?"

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்த நேரம். மோல்டிங் இயந்திரங்களுக்குக் குளிர்ந்த நீர் அனுப்பும் பம்ப் நின்றது. உடனே மின்னஞ்சல் போனது: "வேப்பமரத்துப் பம்ப் நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் மோல்டிங் லைன் நிற்கும். பக்கத்துப் பம்பைப் போடவும்." அந்த ஷிப்டின் ஃபிட்டர் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வரைபடத்தை அவர் கண்ணாலும் பார்த்ததில்லை. ஆனால் அந்த மரத்தடியில்தான் இரண்டு நாளும் டீ குடித்தார். விஷயம் தெரிந்து நான் மூச்சிரைக்க ஓடிப் போனபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "போட்டாச்சு மேடம். தண்ணி நல்லா போவுது, கவலப்படாதீய."

லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கண்காணிப்பு அறையில் கைதட்டல் அடங்கவே இல்லை. அமுதவல்லி என்னைப் பார்த்து, "இப்ப அந்தக் குப்பையத் தூக்குங்க சார், என் கண்ணு முன்னாடி" என்றார். எல்லாரும் பார்க்க அழித்தேன். அப்படி மகிழ்ச்சியாக நான் தோற்றதே இல்லை.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் பெருமை. நம் நிறுவனத்தின் மற்ற ஆலைகளும் கேட்டன. அமுதவல்லி விமானம் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். இன்று அங்கெல்லாம் இந்தியிலும் மராத்தியிலும், அந்தந்த ஊர் ஆட்கள் வைத்த பெயர்களோடு மின்னஞ்சல் போகிறது.

அந்த மின்னஞ்சல்களை இப்போது நான் கவனிப்பதால், போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். ஒவ்வொரு எச்சரிக்கையின் கடைசியிலும் 'எழுதியவர்: அமுதவல்லி' என்று வருகிறதாம். ஊழியர் இல்லாமல் போனால் அதை அழித்துவிட்டு 'பராமரிப்புத் துறை' என்று போட வேண்டுமாம். முடியாது என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். துறை எழுதவில்லை, அமுதவல்லி எழுதினார் என்று பதில் போட்டேன். விதியைக் காட்டினார்கள். மறுபடியும் அதே வரியை அனுப்பினேன். நேற்று, பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். அதை முதன்முதலாக அவருடைய பெயருக்காகவே பயன்படுத்தினேன். ஜெயிச்சுட்டோம், அமுதா.